வெப் சேர்விஸிலிருந்து வேர்ட்: யார் பெயரில் ஓடவிடுவது?

கொழும்புக் கோட்டைப் பக்கத்துக் கம்பனிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்களிடம் அடிக்கடி வரும் வேலை இது: இணையத்தில் பொத்தானை அழுத்தினால் மும்மொழிக் கடிதம் வேர்டில் தயாராகி, பிடிஎஃப் ஆக வரவேண்டும். எழுதியவரின் கணினியில் ஓடும். சேர்வரில் போட்டதும் 80070005 என்ற பிழை, அதாவது அனுமதி மறுப்பு. அங்கே வேர்டை அழைப்பது, விண்டோஸின் இணைய சேர்வரான ஐஐஎஸ் உங்கள் நிரலை ஓட்டப் பயன்படுத்தும் 'அப்ளிகேஷன் பூல்' கணக்கு. ஒஃபிஸை ஒருநாளும் திறந்து பார்த்திராத கணக்கு.

முதலில் டிகொம் (ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கி இயக்க உதவும் விண்டோஸ் வசதி) அமைப்புத் திரையில் வேர்டுக்குப் போய், அந்தக் கணக்குக்குத் தொடங்கும் அனுமதியும் அணுகும் அனுமதியும் கொடுக்க வேண்டும். பட்டியலில் வேர்டே இல்லையா? 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஒஃபிஸ் இருக்கும். அந்தத் திரையின் 32 பிட் வடிவத்தைத் திறந்து பாருங்கள். பிறகுதான், வேர்ட் யார் பெயரில் ஓடவேண்டும் என்று கேட்கும் 'ஐடென்டிட்டி' பக்கத்தின் மூன்று தெரிவுகள்.

'இன்டரக்டிவ் யூசர்', அதாவது அப்போது சேர்வரில் லொகின் ஆகியிருப்பவர். உடனே வேலை செய்யும், அதுதான் ஆபத்து. சேர்வரில் யாராவது லொகின் ஆகியிருக்கும் வரைதான் ஓடும். அவர் வெளியேறினால் 8000401ஏ என்ற பிழை, வேர்ட் தொடங்காது. அந்த ஆள் பெரும்பாலும் நிர்வாகி என்பதால் வேர்டும் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும். டெமோவுக்குக்கூட வேண்டாம்.

'லோஞ்சிங் யூசர்', அதாவது வேர்டை அழைக்கும் கணக்கே. இது பாதுகாப்பானது. பூல் கணக்குக்கு உள்ள குறைந்த அதிகாரம்தான் வேர்டுக்கும். ஆனால் பாதை சரியாக இருந்தும் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சிலசமயம் அடம்பிடிக்கும், குறிப்பாக எக்செல். விண்டோஸின் சிஸ்டம் கணக்குக்கான சிஸ்டம்புரொஃபைல் கோப்புறைக்குள் வெறும் 'டெஸ்க்டொப்' கோப்புறை ஒன்றை உருவாக்கினால் பலருக்குச் சரியாகிவிடுகிறது. வைத்தியம் விசித்திரம்தான்.

'திஸ் யூசர்', அதாவது இதற்கென்றே தனிக்கணக்கு. மூன்றில் என் தெரிவு இதுதான். அந்தக் கணக்கில் ஒருமுறை லொகின் ஆகி, வேர்டைத் திறந்து, முதல்முறை வரும் கேள்விகளை மூடி, இயல்புநிலை பிரின்டரையும் வைத்துவிடுங்கள். தேவையான கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை போதும். கடவுச்சொல்லை மாற்றினால் டிகொமிலும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது இதை. அப்புறம் எழுத்துரு. விண்டோஸ் 10 இன் பிந்திய பதிப்புகளில் எழுத்துருவை நிறுவினால், வேறு சொல்லாதவரை, நிறுவியவருக்கு மட்டுமே போகும். சிங்களமும் தமிழும் உங்களுக்கு அழகாகத் தெரிந்து பிடிஎஃப்பில் மட்டும் மாறிவந்தால் அனுமதிகளைக் கிளறாதீர்கள். 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று நிறுவுங்கள்.

ஆனாலும், ஆளில்லாத சேர்வரில் ஒஃபிஸை ஓட்டுவதை மைக்ரோசொஃப்டே பரிந்துரைப்பதில்லை. ஒரு உரையாடல் பெட்டி வந்தால் 'ஓகே' அழுத்த ஆள் இல்லை. வேர்ட் அப்படியே தொங்கும். வார்ப்புருவில் பெயரும் தொகையும் நிரப்புவதுதான் வேலை என்றால் ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே (வேர்ட் கோப்பை நிரலிலிருந்து நேரடியாக எழுதும் மைக்ரோசொஃப்ட் நிரலகம்) போதும்: ஒஃபிஸே வேண்டாம், கோப்புறை அனுமதி மட்டும்தான். அது பிடிஎஃப் தராது. அதற்கு இலவச ஒஃபிஸ் தொகுப்பான லிப்ரேஒஃபிஸைத் திரையில்லாமல் ஓட்டலாம், அட்டவணைகள் கொஞ்சம் நகரக்கூடும். ஒரே நேரத்தில் இரண்டு பிடிஎஃப் மாற்றங்கள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் (பயனர் அமைப்புகள்) கோப்புறை கொடுங்கள்.

வேர்டுக்குள் எழுதிய பழைய மேக்ரோக்களை (சிறு நிரல்களை) விடமுடியாத கம்பனி என்றால் தனிக்கணக்குத்தான் வழி. கோரிக்கைகளை வரிசையில் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேர்ட் மட்டும் ஓடவிடுங்கள்.