நூறு பவுண்டா, ஐம்பது பவுண்டா? பிரிட்டனின் தனியார் பார்க்கிங் அபராதம்: ஒரு ஒப்பீடு

பிரிட்டனில் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கடிதத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ளே நுழையும்போது எடுத்த படம் ஒன்று, வெளியேறும்போது எடுத்த படம் ஒன்று, இரண்டிலும் நொடி வரைக்கும் நேரம் போட்டிருக்கும். கீழே 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. கேமரா வண்டி எண்ணைத்தான் படித்திருக்கும், முகவரி வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவிடம் இருந்து வந்திருக்கும். ஒரு முகவரிக்கு 2.50 பவுண்டு கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் இப்படி வாங்குகிறார்கள் என்றால் இது எவ்வளவு பெரிய தொழில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகை எவ்வளவு வரை இருக்கலாம், அதை யார் முடிவு செய்வது என்பதில் 2019-லிருந்து இழுபறி. அந்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தனியார் பார்க்கிங்குக்கான நடத்தை விதிகளை அரசே வகுக்க வேண்டும் என்றது. அரசு 2022 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது. பார்க்கிங் நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும் ஜூனிலேயே சுருட்டி வைத்துக்கொண்டது. அப்புறம் 2024-ல் பார்க்கிங் நிறுவனங்களின் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து தாங்களே ஒரு பொது விதித்தொகுப்பு எழுதி, அக்டோபரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தன. 2025 ஜூலையில் அரசு மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆக மேசை மேல் இப்போது மூன்று மாதிரிகள்: சங்கங்களின் விதி, கைவிடப்பட்ட 2022 அரசு விதி, இரண்டுக்கும் அளவுகோலாக எல்லோரும் காட்டும் கவுன்சில் முறை, அதாவது தெருவில் தப்பாக நிறுத்தினால் உள்ளாட்சி மன்றங்கள் அபராதம் விதிக்கும் முறை.

உச்சவரம்பு சங்கங்கள் சொல்லும் 100-ஆ, 2022 அரசு விதி சொன்ன 50-ஆ என்றுதான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான எண் 70. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காவதாக ஒரு வழியும் பேச்சில் இருந்தது, அதை முதலிலேயே தள்ளிவிடலாம். "ஒரு மணி நேரம் கூட நின்றதால் உனக்கு என்ன நஷ்டமோ அதை மட்டும் கேள்" என்ற வாதம். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பார்க்கிங்ஐ (ParkingEye) என்ற நிறுவனத்துக்கும் பீவிஸ் என்ற கார் ஓட்டுநருக்கும் நடந்த வழக்கில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. செம்ஸ்ஃபர்டில் ஒரு கடைத்தொகுதி, இரண்டு மணி நேரம் இலவசம், பீவிஸ் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றார், 85 பவுண்டு கேட்டார்கள். நஷ்டக் கணக்கு தேவையில்லை, இடம் சுழற்சியில் இருக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, 85 அதற்கு மிஞ்சிய தொகை இல்லை என்று தீர்ப்பு. இன்றைக்கு 100 பவுண்டைக் காக்க நிறுவனங்கள் தூக்கிப் பிடிப்பதும் இதைத்தான். ஆனால் அதே வழக்கில் தெரியவந்த இன்னொரு விஷயத்தை அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த இடத்தை நடத்த நிறுவனம் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்த வருபவர்களோ சல்லிக்காசு கட்டுவதில்லை. அப்படியானால் வாரா வாரம் அந்த ஆயிரமும் லாபமும் விதி மீறுபவர்களிடமிருந்து மட்டுமே வந்தாக வேண்டும். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டால் கம்பெனி திவால். கவுன்சில் முறையில் இந்தக் கட்டாயம் இவ்வளவு நேரடியாக இல்லை, சாலையோரப் பார்க்கிங்கில் வரும் உபரியைப் பெரும்பாலும் போக்குவரத்துச் செலவுகளுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது.

சரி, தொகைக்கு வருவோம். சங்கங்களின் விதியில் உச்சவரம்பு 100, சீக்கிரம் கட்டினால் குறைந்தது 40 சதவீதம் தள்ளுபடி, அதாவது 60. 2022 அரசு விதியில் லண்டனுக்கு வெளியே சாதாரண மீறலுக்கு 50, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தை அடைப்பது போன்ற கடுமையானவற்றுக்கு 70, லண்டனில் 80 அல்லது 130, எல்லாவற்றிலும் 14 நாளுக்குள் கட்டினால் பாதி. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், அப்போது கவுன்சில்கள் வாங்கிக்கொண்டிருந்தவையேதான். தெருவில் தப்பாக நிறுத்தினால் 70, கடை வாசலில் பத்து நிமிடம் தாமதித்தால் 100 என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள், கேட்டது சரிதான். தெருவில் தப்பாக நிறுத்தினால் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொள்ளும், பாதி காலியாக இருக்கும் கடைப் பார்க்கிங்கில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நிறுவனங்களின் பதிலிலும் விஷயம் இருக்கிறது, அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. இங்கிலாந்துக் கவுன்சில்களின் 50, 70 எல்லாம் 2008-ல் நடைமுறைக்கு வந்தவை, விலைவாசியோடு ஏறியிருந்தால் இன்று அந்த 70 நூறைத் தாண்டியிருக்கும். ஸ்காட்லாந்தில் 2023-லிருந்து கவுன்சில்களே 100 வரை விதிக்கலாம். அதோடு, நகர மையத்திலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ ஒரு நாள் கட்டணமே 25 பவுண்டைத் தொடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே அபராதம் 50, உடனே கட்டினால் 25 என்று வைத்தால், டிக்கெட் எடுக்காமல் நிறுத்திவிட்டுப் போவதும் டிக்கெட் எடுப்பதும் ஒரே செலவு. மாட்டாத நாள் லாபம். இதற்கு 2022 விதியில் நேரடியான பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாள் கட்டணம் அதிகமாக உள்ள இடங்களுக்கு மட்டும் மேல் அடுக்கை அனுமதித்திருந்தால் இந்த வாதத்தின் பல்லைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அதற்காக இலவசப் பார்க்கிங் உள்ள எல்லாக் கடை வாசலுக்கும் 100 என்பது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஸ்காட்லாந்தை உதாரணம் காட்டுபவர்கள் அங்கே 14 நாளுக்குள் கட்டினால் 50 தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் சீக்கிரம் கட்டிவிட்டுத் தலைவலியை முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள், ஆகவே ஒப்பிட வேண்டியது 100-ஐயும் 50-ஐயும் அல்ல, 60-ஐயும் 25-ஐயும்.

இந்தத் தள்ளுபடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 60 கட்டிவிட்டால் கதை முடிந்தது. தப்பு உங்கள் மேல் இல்லை என்று சுயேச்சையான மேல்முறையீடு வரை போய்த் தோற்றால் 100. அதாவது வாதாட 40 பவுண்டு பந்தயம் கட்ட வேண்டும். நூறு சதவீதம் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், குழந்தைகளோடும் வேலையோடும் ஓடுகிற ஒருவர் அந்த 40-ஐ நினைத்து 60-ஐக் கட்டிவிடுவார். கவுன்சில் முறையிலும் கடைசிவரை போய்த் தோற்றால் முழுத்தொகைதான், ஆனால் முதல் 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், அதை நிராகரிக்கும்போது தள்ளுபடியை மறுபடி தருவதுதான் பெரும்பாலும் வழக்கம். சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

இப்போது அந்த 70. கட்டாமல் விட்டால் நிறுவனம் கோப்பை ஒரு கடன் வசூல் கம்பெனியிடம் கொடுக்கும், அவர்கள் அடுத்த கடிதத்தில் 70 பவுண்டு சேர்த்து 170 என்று அனுப்புவார்கள். சிவப்பு எழுத்து, "இறுதி அறிவிப்பு", அதற்குப் பிறகு இன்னொரு இறுதி அறிவிப்பு. இவர்கள் ஜப்தி செய்ய வருகிற ஆட்கள் அல்ல, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பொருளை எடுக்க எந்த அதிகாரமும் இவர்களுக்குக் கிடையாது. கணினி அச்சடித்து அனுப்பும் நாலு கடிதத்துக்கு 70 பவுண்டு. நீதிமன்றம் போனால் மனுக் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, எல்லாம் சேர்ந்து 255, வட்டி தனி. மூல மீறல் ஒன்றேகால் மணி நேரமாக இருக்கலாம், பன்னிரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், கணக்கு அதேதான்.

2022 விதி இந்தக் கூடுதல் கட்டணத்தை அடியோடு தடை செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போனதே உச்சவரம்புக் குறைப்பையும் இந்தத் தடையையும் எதிர்த்துத்தான் என்பதிலிருந்தே இதில் எவ்வளவு காசு புரளுகிறது என்று ஊகிக்கலாம். சங்கங்களின் விதியில் 70 அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் போகக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் தருவோம் என்று சொன்னால், 100-ஐ விட்டுவிட்டு இந்த 70-ஐ ஒழிப்பதைத்தான் கேட்பேன். 100 பவுண்டுக்குத் தடுக்கும் நோக்கம் என்று ஒரு காரணமாவது இருக்கிறது, வசூல் செலவும் அந்தத் தொகையிலேயே அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த 70 யாரையும் தடுப்பதில்லை. நிறுத்தும்போது பலகையில் அதன் எழுத்தை யாரும் படிப்பதுமில்லை.

கவுன்சில் முறையை ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம். அங்கே கட்டாமல் இழுத்தால் தொகை பாதி மடங்கு ஏறும், அப்புறம் உங்களை விசாரிக்காமலேயே நார்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, நிஜமான ஜப்தி அதிகாரி வந்து நிற்பார். தனியார் நிறுவனம் பணம் வாங்க வேண்டுமானால் உங்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்க வேண்டும், அங்கே வாய் திறக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பாவது உண்டு. அந்த வாய்ப்பைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். வீடு மாறி, வண்டிப் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றாமல் விட்டால், கடிதம், நீதிமன்றப் படிவம் எல்லாம் பழைய வீட்டுக்கே போய்ச் சேரும், தீர்ப்பும் எதிர்ப்பில்லாமல் வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையையும் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் கடன் பதிவில் உட்கார்ந்திருக்கும், வீட்டுக்கடன் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும்.

மேல்முறையீட்டில்தான் கவுன்சில் முறை உண்மையிலேயே ஒரு படி மேலே நிற்கிறது. லண்டனில் ஒரு தீர்ப்பாயம், மற்ற இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஒன்று, இரண்டும் சட்டப்படி அமைந்தவை. தனியார் பக்கம் நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து உங்கள் நடுவர் அமைவார்: பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் பாப்லா, இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் ஐஏஎஸ். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை, நிறுவனத்துக்கு மட்டும்தான். விளையாடுகிற அணியே அம்பயரைத் தேர்ந்தெடுப்பது போல இருக்கிறது என்று தோன்றினால் தப்பில்லை. அரசு ஒரே மேல்முறையீட்டு அமைப்பு வேண்டும் என்று பேசியது இதனால்தான், சங்கங்களின் விதியில் அது வரவில்லை.

சங்கங்களின் விதியில் உருப்படியாக எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. உள்ளே வந்து பலகையைப் படித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிப் போக ஐந்து நிமிடம், நேரம் முடிந்த பின் கிளம்பப் பத்து நிமிடச் சலுகை. வண்டி எண்ணைத் தப்பாகத் தட்டியவர்களுக்குத் தொகை 20 பவுண்டாகக் குறையும், ஓரிரு எழுத்துப் பிழை என்றால் ரத்து. பிரிட்டிஷ் எண் பலகையில் ஓ என்ற எழுத்தும் பூஜ்ஜியமும் ஒரே அச்சில்தான் இருக்கும், இயந்திரத்தின் விசைப்பலகையிலோ இரண்டும் வேறு வேறு, இந்த லட்சணத்தில் பிழை செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இவையெல்லாம் ஏறக்குறைய 2022 விதியிலிருந்து எடுத்தவைதான். காசில் கை வைக்காத பகுதிகள் எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன.

ஐந்து நிமிட விஷயத்தில் ஒரு கூத்தும் நடந்தது. டெர்பியில், உள்ளே வந்து ஐந்து நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும் என்றிருந்த பார்க்கிங்கில் ஒரு பெண், போனில் சிக்னல் சரியாக இல்லாததால் பணம் கட்ட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணத்தையும் கட்டியிருந்தார். அப்படியும் அவரிடம் மொத்தமாக 1,906 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். 2024 இறுதியில் செய்தி பரவியதும் வழக்கைக் கைவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் சங்கங்கள் விதியைத் திருத்தின: கேமரா உள்ள இடத்தில், கிளம்புவதற்கு முன் பணம் கட்டிவிட்டால் தாமதத்துக்காக அபராதம் கூடாது. நல்ல திருத்தம்தான், ஆனால் அதற்குப் பத்திரிகையில் பெயர் கிழிய வேண்டியிருந்தது.

ஒரே நாளில் இரண்டு தடவை வந்து போனதை ஒரே நீண்ட வருகையாகக் கேமரா கணக்குப் போடுவது இன்னொரு பழைய தலைவலி. காலையில் உள்ளே வந்த படம், மாலையில் வெளியே போன படம், நடுவில் இரண்டைக் காணோம். இதில் மூன்று மாதிரிகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடுவில் வேறு எங்கோ இருந்ததற்கு ரசீதோ போனின் இடப்பதிவோ நீங்கள்தான் தேட வேண்டும்.

என் தேர்வு: தொகையில் 2022 விதி, நாள் கட்டணம் அதிகமுள்ள இடங்களுக்கு மட்டும் விலக்கு. வசூல் கட்டணம் பூஜ்ஜியம். மேல்முறையீட்டுக்குக் கவுன்சில் பாணியில் ஒரே தீர்ப்பாயம். நேரச் சலுகைகளில் சங்கங்களின் இப்போதைய விதியே போதும், பிப்ரவரித் திருத்தத்தோடு. 2025 கலந்தாய்விலும் அபராதத் தொகை, வசூல் கட்டணம் இரண்டும் கேள்வியாக வந்திருக்கின்றன. அரசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிறுவனங்கள் மறுபடி நீதிமன்றப் படி ஏறக்கூடும், 2022-ல் அப்படித்தானே நிறுத்தினார்கள். அதனால் இப்போதைக்குக் கையில் கடிதம் வைத்திருப்பவர்களுக்குச் சங்கங்களின் விதிதான். பழைய பார்க்கிங் இடங்கள் தங்கள் அறிவிப்புப் பலகைகளை அதற்கேற்ப மாற்ற 2026 இறுதி வரை அவகாசம் இருக்கிறது, ஆகவே ஆட்சேபம் எழுதுவதற்கு முன் பலகையைப் படம் எடுத்து, அதன் மூலையில் எந்தச் சங்கத்தின் சின்னம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நிறுவனத்துக்கு எழுத 28 நாள். அவர்கள் மறுத்தால் பாப்லாவுக்கு இன்னொரு 28, ஐஏஎஸ் என்றால் 21 தான்.