போஸ்டர்ல 12,000 வெள்ளி, கையில குடுத்தது 4,250: பௌலிங் டோர்னமெண்ட்டுக்கு பணம் கட்டுறவங்க படிச்சிட்டுப் போங்க

சென்டர் பேரு, நடத்துனவங்க பேரு எதுவும் போடப் போறதில்ல, பிரைவேட்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். நடந்தத மட்டும் சொல்றேன்.

போன மாசம் கேஎல்ல (கோலாலம்பூர்) ஒரு டென்பின் டோர்னமெண்ட், அதான் பந்த உருட்டி 10 பின்ன சாய்க்கிற பௌலிங். வாட்ஸ்அப்ல போஸ்டர் வந்துச்சு, மொத்தப் பரிசு 12,000 வெள்ளி (ரிங்கிட்), முதல் பரிசு 5,000, எண்ட்ரி 160 வெள்ளி, 6 கேம். நானும் என் மச்சானும் (வைஃபோட தம்பி) பட்டர்வொர்த்துலேர்ந்து காடி எடுத்துட்டு கெளம்பிட்டோம். டோல், பெட்ரோல், சௌக்கிட் பக்கம் ஒரு ராத்திரி ரூம், எல்லாத்தையும் கணக்குப் போட்டுட்டு "பரவால்லடா, 12,000 இருக்குல்ல"ன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் வீட்டுல அத சொல்லிக் காட்டுறாங்க.

எங்களுக்கு பி ஸ்குவாட் (ரெண்டாவது பேட்ச்), சனிக்கிழமை மத்தியானம் 2 மணி. காலையில 10 மணிக்கே ஏ ஸ்குவாட் ஆடி முடிச்சிருந்தாங்க. ரெண்டு ஸ்குவாட்டுக்கும் நடுவுல லேனுக்கு திரும்ப ஆயில் போடணும், போட்டின்னா அதுதான் முறை. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு லேன் வெறும் பலகை மாதிரி தெரியும், ஆனா ஃபவுல் லைன்லேர்ந்து முதல் பின் வரைக்கும் உள்ள 60 அடியில முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு ஆயில் இருக்கும், பந்து அதுல வழுக்கிட்டுப் போயி கடைசியில காஞ்ச இடத்துலதான் வளையணும். 6 கேம் ஆடுனா அந்த ஆயில பந்துங்களே துடைச்சு எடுத்துடும். நான் பிராக்டிஸ்ல ரெண்டு பந்து போட்டுட்டு டவல்ல துடைச்சேன், வழக்கமா டவல்ல ஒரு பளபளப்பான கோடு விழும், அன்னிக்கு வந்தது சாம்பல் கலர்ல தூசிதான். என் பந்து நடு லேன்லயே வளைஞ்சு இடது பக்கம் ஓடுது, போட்ட ஸ்ட்ரைக்ல பாதி புரூக்லின், அதாவது முதல் பின்னோட தப்பான பக்கம் பட்டு விழுந்தது. "மாமா, இவங்க ஆயிலே போடல மாமா"ன்னான் மச்சான். கவுண்டர்ல போய் கேட்டா "பாஸ், மெஷின் கொஞ்சம் பிரச்சன, எல்லாருக்கும் அதே கண்டிஷன்தானே"ங்குறாரு. எல்லாருக்கும் எங்க அதே? காலையில ஆடுனவன் ஃபிரெஷ் ஆயில்ல ஆடிட்டு ஸ்கோர வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டான், நாங்க அவன் மிச்சம் வச்ச லேன்ல ஆடி அவனோட அதே லிஸ்ட்ல நிக்கிறோம்.

அதுக்கப்புறம் நாங்க பண்ணதுதான் முட்டாள்தனம். "நாளைக்கு காலையில ஃபிரெஷ் ஆயில், ரீ-எண்ட்ரி பண்ணுங்க பாஸ்"னாரு. ஆளுக்கு இன்னொரு 160. தள்ளுபடி ஒரு காசு கூட இல்ல. ஞாயித்துக்கிழமை ஆயில் இருந்துச்சு, உண்மைதான், ஆனா பாதி லேன மூடி வச்சிட்டு ஒரு லேனுக்கு 5 பேர். ஒரு ஃபிரேம் போட்டுட்டு உக்காந்தா அடுத்த முறை வர்றதுக்குள்ள தே தாரிக் ஆறிடும். 6 கேம் முடிய நாலு மணி நேரத்துக்கு மேல. உடம்பு விறைச்சுப் போச்சு, பந்து ரிட்டர்ன்ல வேற ரெண்டு தடவ மாட்டிக்கிச்சு.

முதல் பரிசு யாருக்குன்னா, கேமுக்கு ஆவரேஜ் 158ன்னு எழுதிக் குடுத்த ஒருத்தருக்கு. ஹேண்டிகேப் (ஆவரேஜ் கம்மியா உள்ளவங்களுக்கு ஸ்கோர்ல சேத்துக் குடுக்குற பின்) 220க்கும் ஆவரேஜுக்கும் உள்ள வித்தியாசத்துல 80 சதவீதம், அதாவது அவருக்கு ஒவ்வொரு கேமுக்கும் 49 பின் இலவசம். மனுஷன் 6 கேம்ல ஹேண்டிகேப் இல்லாமலே 1,290 அடிச்சாரு, கேமுக்கு 215. 158 ஆவரேஜ்காரர் ஒரு கேம் 215 அடிக்கலாம், ரெண்டு கூட அடிக்கலாம், ஆறையும் அப்படியா? அந்த 158 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன், லீக் ரெக்கார்டா, பழைய போட்டி ஷீட்டான்னு. "அவரே சொன்னதுதான்"னாங்க. அவர் மேல கூட எனக்கு அவ்ளோ கோவம் இல்ல, எழுதிக் குடுத்தத சரி பாக்காதவங்க மேலதான்.

சரி, பணத்துக்கு வருவோம். பரிசு குடுக்குறப்ப முதல் பரிசு 2,000ன்னு கூப்பிட்டாங்க. போஸ்டர்ல 5,000 போட்டிருந்தீங்களேன்னு ஒரு அங்கிள் எழுந்து கேட்டாரு. அப்பதான் போஸ்டரோட அடிப்பக்கத்த காட்டுனாங்க, எறும்பு சைஸ் எழுத்துல "150 எண்ட்ரி அடிப்படையில்"னு இங்கிலீஷ்ல இருக்கு. வந்தது ரீ-எண்ட்ரி எல்லாம் சேர்த்து 64.

அங்கிள் எங்கள உக்கார வச்சு மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) டிஷ்யூ பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டுனாரு. "தம்பி, 64 தடவ 160, 10,240. லேன் காசு கேமுக்கு 8 வெள்ளின்னு அவங்களே சொன்னாங்க, அது 3,072. மிச்சம் 7,168. குடுத்தது எவ்ளோ? 2,000, 1,000, 500, அப்புறம் 5 பேருக்கு 150. மொத்தம் 4,250." அதாவது 2,918 வெள்ளிக்கு கணக்கே இல்ல. கோப்பை, ஃபைனல் லேன் காசு எல்லாம் கழிச்சாலும் நெறைய நிக்குது. அதவிட பெரிய கூத்து, 150 பேருக்கு 12,000ன்னா 64 பேருக்கு 5,120 வரணும்ல? அவங்க சொன்ன கணக்குப்படியே 870 வெள்ளி கம்மி! 150 பேர் வந்திருந்தாலும் வசூல் 24,000, பரிசு 12,000, பாதிக்குப் பாதி. இத கட்டுறதுக்கு முன்னாடி நான் போட்டுப் பாத்திருக்கணும், அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பினாங்குல ஒரு சின்ன போட்டி ஆடுனேன், எண்ட்ரி 90 வெள்ளி, 40 பேர். கவுண்டர்லயே ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க: லேன் 42, பரிசு 43, செலவு 5. அவ்ளோதான். 4 பேருக்கு ஒருத்தர்னு 10 பேருக்கு பணம் போச்சு, பத்தாவது வந்தவருக்கு கட்டுன 90 அப்படியே திரும்பக் கெடச்சுது. முதல் பரிசு வெறும் 400தான், ஒருத்தர் கூட முணுமுணுக்கல. கேஎல்ல 64க்கு 8 பேர். அமெரிக்காவுல யுஎஸ்பிசி (அந்த நாட்டு பௌலிங் அமைப்பு) அங்கீகாரம் உள்ள போட்டின்னா பரிசுக்குன்னு வாங்குன காச, விதியில வேற மாதிரி எழுதலன்னா, முழுசா பரிசாவே திருப்பிக் குடுக்கணும். இங்கயும் ஒழுங்கா நடத்துறவங்க அப்படித்தான் பண்றாங்க.

98ல கேஎல்ல காமன்வெல்த் நடந்தப்ப பௌலிங்கும் இருந்துச்சு, அந்தப் போட்டியில அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. தமிழ்ப்பள்ளியில படிச்சிட்டிருந்தேன், அப்பாகூட டிவியில பாத்துதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. அந்த ஊருல போயி இப்படி.

இனிமே நான் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெசேஜ்ல கேக்கப் போறது: பரிசு கேரண்டியா, இல்ல எண்ட்ரிய பொறுத்தா, எத்தன பேருக்கு ஒரு பரிசு, ஒவ்வொரு ஸ்குவாட்டுக்கும் ஆயில் போடுவீங்களா, ஒரு லேனுக்கு எத்தன பேர், ஆவரேஜுக்கு என்ன ப்ரூஃப். வாய்ல சொன்னா பத்தாது, எழுத்துல வேணும். "பாஸ் டோன்ட் வொரி லா"ன்னு பதில் வந்தா காடிய எடுக்காதீங்க.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு போன்னு நெறைய பேர் சொன்னாங்க, மனு போட 5 வெள்ளிதான். மச்சான் போஸ்டர், ரசீது, அந்த டிஷ்யூ பேப்பர் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருக்கான், லீவு கெடச்சா போவோம்.

நேத்து ராத்திரி அதே குரூப்ல சீசன் 2 போஸ்டர் வந்துச்சு, பரிசு 20,000. அடியில உள்ள எழுத்த ஜூம் பண்ணிப் பாத்தேன். இந்தவாட்டி 250 எண்ட்ரி.