‘மை’, ‘மைன்’ குழப்பம் தீர்க்கும் ஒரு நூல்: ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாள் முதல், கடிதத்தின் முடிவில் வரும் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’ என்ற தொடரில் எஸ் எழுத்துக்கு முன்னால் ஓர் அப்பாஸ்ட்ரஃபியை (’ என்ற குறியை) இட்டே வந்தேன். சென்ற ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் என்னைத் தனியே அழைத்து அது பிழை என்று சுட்டிக்காட்டிய அன்று மாலையே, ரேமண்ட் மர்ஃபி எழுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டுள்ள இந்த நூலை வாங்கினேன்.

1990இல் முதலில் வெளிவந்த இந்நூலின் நான்காம் பதிப்பு, 2015இல் வந்தது, என்னிடம் உள்ளது. மொத்தம் 115 பாடங்கள்; இடப்பக்கத்தில் விளக்கமும் வலப்பக்கத்தில் பயிற்சியுமாக ஒவ்வொரு பாடமும் இரண்டே பக்கங்களில் முடிந்துவிடுகிறது. உடைமையைக் குறிக்கும் சொற்களுக்கு அடுத்தடுத்த சில பாடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெயர்ச்சொல்லுக்கு முன் வருபவை (மை, யுவர், ஹெர், அவர் – our, தேர் – their) ஒரு பாடத்திலும், பெயர்ச்சொல் இன்றித் தனித்து நிற்பவை (மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், அவர்ஸ், தேர்ஸ்) மற்றொரு பாடத்திலும் வருகின்றன. இந்தப் பிரிவினைதான் நூலின் பெரிய பலம். பள்ளியில் இவை யாவற்றையும் ஒரே அட்டவணையில் மனப்பாடம் செய்ததால், எதை எங்கே இடுவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

ஆனால் நூல் முழுவதும் ஆங்கிலத்திலேயே உள்ளது. தமிழரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதும் அன்று. ஆகவே சில பாலங்களை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘என்னுடைய குடை’ என்பதில் ‘மை’ வரும். ‘இந்தக் குடை என்னுடையது’ என்பதில் ‘மைன்’ வரும். அதாவது, தமிழில் ‘உடையது’ என்று முடியும் இடமெல்லாம் ‘மைன்’ வரும் பாடத்துக்கு உரியது. பொருள் பலவானால் நாம் ‘என்னுடையவை’ என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் ‘மைன்’ மாறுவதில்லை. ‘ஹிஸ்’ என்ற சொல் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்றேயாக இருப்பதால் அதில் பிழை நேர வழியே இல்லை.

‘இட்ஸ்’ எல்லோரையும் இடறச் செய்யும் சொல். குறி இல்லாத its, குறி உள்ள it’s ஆகிய இரண்டும் காதுக்கு ஒன்றேயாக ஒலிப்பதால் பேச்சில் தெரியாத பிழை எழுத்தில் மட்டும் வெளிப்படுகிறது. பெயர்ச்சொல்லுக்கு உடைமை சேர்க்கும்போது ‘ராமு’ஸ்’ என்று குறி இடுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம்தான் கையை இழுக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே இந்தச் சொல்லைக் குறியோடு எழுதியிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இன்றைய முறையில், ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படித்துப் பொருந்தினால் மட்டுமே குறி இட வேண்டும். உடைமைப் பொருளில் குறி கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பகுதியை நான் ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நம்மவர் தவறாமல் தடுக்கி விழும் இடங்கள் வேறு உள்ளன. ஒற்றைப் பிள்ளையும் ‘எங்கள் அம்மா’ என்றே தமிழில் சொல்லும். ஆங்கிலத்தில் அங்கே ‘மை’ வர வேண்டும். மேலாளரை மரியாதையாக ‘அவர்கள்’ என்று குறிப்பிடும் பழக்கத்தில், அவருடைய கையொப்பத்துக்கு ‘தேர்’ என்று எழுதிவிடுகிறோம். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு ‘தேர்’ பொருந்தும். தெரிந்த ஆண் ஒருவருக்கு மரியாதை கருதி அதை இடுவதில்லை. ‘கை கழுவினேன்’ என்று நாம் முடித்துவிடும் வாக்கியத்தில் ஆங்கிலம் ‘மை’யைக் கேட்கிறது. ‘முருகன் குமாரிடம் தன் சைக்கிளைக் கொடுத்தான்’ என்றால் சைக்கிள் முருகனுடையது என்பதைத் தமிழில் ‘தன்’ ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹிஸ்’ யாரைக் குறிக்கிறது என்பதைச் சூழலே சொல்ல வேண்டும் என்பதால், ஆர்டர் விவரங்களை எழுதும்போது நான் உரியவரின் பெயரையே மீண்டும் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிகள் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்பும் வகையைச் சேர்ந்தவை. விடைகளைச் சரிபார்க்க வசதியாக இருந்தாலும், சொந்தமாக ஒரு பத்தி எழுதும்போது அவை மட்டும் போதுவதில்லை. நான் ஒவ்வொரு பாடத்தையும் முடித்தபின், என் பழைய கடிதங்களிலிருந்து ஒன்றை எடுத்து உடைமைச் சொற்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருத்தினேன். நூலின் பயன் முழுதும் அப்போதுதான் எனக்குக் கிட்டியது.

வீட்டிலிருந்து தாமாகப் படிக்க விரும்புவோர் விடைகள் உள்ள பதிப்பையே கேட்டு வாங்க வேண்டும்; விடைகள் இல்லாத பதிப்பும் வகுப்புகளுக்கென விற்பனையில் இருப்பதால், பணம் கொடுக்கும் முன் அட்டையைப் பார்த்துக்கொள்வது நல்லது.