வண்ணாரப்பேட்டையில் அம்மாவின் இரத்தப் பரிசோதனை

கனடாவிலிருந்து மூன்று வார விடுப்பில் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்திருந்த நான், உறவினர் வீடுகளுக்குச் சென்றதைவிட, 76 வயது அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு அலைந்ததே அதிகம். ஓராண்டாகவே அவர் சாவியை வைத்த இடத்தை மறப்பதும் கேட்டதையே மீண்டும் கேட்பதுமாக இருந்தார். நான் வந்த வாரத்திலோ, பொழுது சாய்ந்ததும், என்றோ இறந்துபோன மாமா இன்னும் சாப்பிட வரவில்லையே என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

தங்கை ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் முதியோர் நினைவாற்றலுக்கான பேக்கேஜைப் பதிவு செய்தாள். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஆறரைக்கே வந்த இளைஞர், "எறும்பு கடிச்ச மாதிரிதான் பாட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலையையும் முடித்துவிட்டார். மாலையில் வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்தது. உடலில் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி அளவு லிட்டருக்கு 38 மில்லிகிராம் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதமும் கூடியிருந்தது. விளக்கம் கேட்டு அழைத்தபோது, இது மூளை அழற்சியாக இருக்கலாம், அல்சைமர் என்னும் மறதி நோய்க்கான அடுத்த பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் இராயபுரத்தில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்த பொது மருத்துவர், அறிக்கையைப் புரட்டுவதற்கு முன்பே அம்மாவிடம், "சிறுநீர் போகும்போது எரியுதாம்மா?" என்று கேட்டார். எரிந்தது, எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். சி.ஆர்.பி கல்லீரலில் உருவாகும் புரதம் என்றும், உடலில் எங்கே தொற்று வந்தாலும் சில மணி நேரத்தில் ஏறி, தொற்று தணிந்தால் சில நாட்களில் இறங்கும் என்றும், எங்கே அழற்சி என்பதை அது சொல்லாது என்றும் அவர் விளக்கினார். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றே திடீர்க் குழப்பத்தைக் கொண்டுவரக்கூடும். அதற்கு டெலிரியம் என்று பெயர்.

அல்சைமரில் அழற்சிக்குப் பங்கில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகளைச் சுற்றி மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் என்னும் மூளைச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகளிலிருந்து வரும் ஜி.எஃப்.ஏ.பி என்ற புரதம் இரத்தத்தில் கூடுவதைச் சி.ஆர்.பியைவிட மூளைக்கு நெருக்கமான அடையாளமாக ஆய்வாளர்கள் கருதினாலும், தலையில் அடிபட்டாலும் அது ஏறும். இன்டர்லூக்கின்-6 அல்சைமர் நோயாளிகளிடம் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டாலும், உடல் பருமன், ஈறு நோய் போன்றவற்றாலும் கூடுவதால், தனி ஒருவருக்கு அதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ அனுமதித்த இரத்தப் பரிசோதனைகூட அழற்சியை அளப்பதன்று. அல்சைமரோடு தொடர்புடைய பி-டவ் 217, அமிலாய்டு ஆகிய புரதங்களின் விகிதத்தை அளப்பது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, மருத்துவரின் மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கே.

அழற்சிதான் காரணமென்றால் வலி மாத்திரை கொடுத்தால் என்ன என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். நாப்ராக்சென், செலிகாக்சிப் போன்றவற்றை அல்சைமருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலன் தரவில்லை. அம்மாவின் சிறுநீரகத்துக்கு அவை ஆகவும் ஆகா.

ஒரு வார மருந்துக்குப் பிறகு மாமாவைத் தேடுவது நின்றது. நான் கிளம்புவதற்கு முன் எடுத்த சி.ஆர்.பி 4 என்று வந்தது. சாவி மட்டும் இன்னும் தொலைகிறது. அதற்காக நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறோம், தங்கை அழைத்துச் செல்வாள்.