மயோர்க்கா, மெனோர்க்கா: 7 நாள் சைக்கிள் பயணம்

போடியிலிருந்து வாரம் தவறாமல் மெட்டு ஏறுகிறவன் நான். ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா, மெனோர்க்கா தீவுகளைச் சைக்கிளில் சுற்றும் இந்தப் பயணத்துக்கு, மயோர்க்காவின் சா கலோப்ரா மலைச்சாலைக்காகவே பணம் கட்டினேன். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு என்றால் இதற்கு 26. 1932-இல் போட்ட சாலை. ஓரிடத்தில் அப்படியே சுற்றி வந்து தனக்கு அடியிலேயே நுழைகிறது. டை முடிச்சு என்றே அதைச் சொல்கிறார்கள். முதலில் கடல் வரைக்கும் இறக்கம், அப்புறம் அதே வழியில் 9 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தலுக்கு இறங்கி மறுபடி ஏறுவது மாதிரிதான். ஆனால் ஏலக்காய் வாசமும் இல்லை, நிழலும் இல்லை. வெறும் சுண்ணாம்புப் பாறை. மேலே வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது.

பெட்டிகளை வேனில் ஏற்றி அடுத்த விடுதியில் சேர்த்துவிடுகிறார்கள். வழிகாட்டி தங்கமான மனிதர். குறை சைக்கிளில்தான். பின்சக்கரப் பல்சக்கரத்தில் பெரியதே 28 பல்; பல் குறைந்தால் ஏற்றத்தில் மிதிப்பது கஷ்டம், முட்டி பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள்தான் 34 பல் மாட்டித் தந்தார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தக்காளி தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி போதும். சுருள் சுருளாக இருக்கும் என்சைமாடா பன்றிக் கொழுப்பில் செய்வது, கவனம். வீட்டில் கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் இரண்டு ராத்திரிக்கு உதவியது.

கப்பலில் போய்ச் சேர்ந்த மெனோர்க்கா பெரும்பாலும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்தான், காற்றுதான் பாடுபடுத்தும்.

அடுத்த ஏப்ரலில் தம்பியையும் கூட்டிப் போகிறேன். 34 பல் வேண்டுமென்று இப்போதே எழுதிக் கேட்டாயிற்று.