ரோஸ்ஹிப் விதை எண்ணெய் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மனசு ஆறவே மாட்டேன் என்கிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். சம்பளத்தில் கால் பங்கு. ஒரு மாதம் முழுக்க உழைத்ததில் கால் பங்கை மூன்று சின்ன பாட்டில் ரோஸ்ஹிப் (ரோஜாச் செடியின் காய்) விதை எண்ணெய்க்குக் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சமூக ஊடகத்தில் 'இயற்கை' அழகுப் பொருள் விற்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான். எப்படி ஏமாந்தேன், வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் கன்னத்தில் பருத் தழும்புகள் உண்டு, தோலும் வறண்டது. இந்த எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற ஒரு வகைக் கொழுப்பு அமிலம் அதிகம், தோலின் ஈரம் போகாமல் காக்கும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். எண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்தப் பக்கத்தில் விசாரித்தேன். பதில் சொன்ன பெண் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். என்ன சோப்பு, எத்தனை வருடத் தழும்பு, ராத்திரி தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "அக்கா, எனக்கும் இதே தழும்புதான் இருந்துச்சு. கண்ணாடி பார்க்கவே பிடிக்காது" என்று குரல் பதிவு அனுப்பினார். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. என் முகத்தைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. ஒரு பாட்டில் வாங்க நினைத்தவள், "மூணு போட்டாதான் முழுசா மறையும்" என்றதும் மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பாட்டிலைத் திறந்ததும் அறையெல்லாம் ரோஜா வாசம். பூரித்துப் போனேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. ரோஸ்ஹிப் என்பது ரோஜாப் பூ உதிர்ந்தபின் வரும் காய். எண்ணெய் அதன் விதையில் பிழிவது, இதழில் அல்ல. அதற்கு ரோஜா மணம் இருக்கவே இருக்காது, லேசான மண் வாசம்தான். சுத்திகரிக்காமல் பிழிந்தது என்றால் பொன்மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். எனக்கு வந்தது தண்ணீர் மாதிரி, அதுவும் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில். வெளிச்சம் பட்டால் சீக்கிரம் கெடும் எண்ணெயை அப்படியா அடைப்பார்கள்? லேபிளில் 'வைட்டமின் சி நிறைந்தது' என்று வேறு. வைட்டமின் சி தண்ணீரில் கரைவது. காயில் ஏராளம் உண்டு, விதை எண்ணெயில் எப்படி வரும்?

நான்காம் நாள் கன்னம் சிவந்து தடித்தது. கேட்டால், "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது அக்கா, விடாம போடுங்க." அதையும் நம்பி இன்னும் இரண்டு நாள் போட்டேன். எரிச்சல் கூடியது. அப்புறம், "உங்க தோல் அப்படி, நாங்க என்ன பண்றது?" பணத்தைக் கேட்டதும், திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். திறக்காதது இரண்டு இருக்கிறதே என்றேன், அதற்குப் பதிலே இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அது எங்க ரகசியம் மேடம்." அக்கா அதற்குள் மேடம் ஆகிவிட்டேன். மறுநாள் பிளாக். நான் எழுதிய விமர்சனத்தையும் அழித்துவிட்டார்கள். சம்பளத்தில் கால் பங்கு போயே போய்விட்டது.

விவரமாக எழுத நினைத்தேன், முகம் எரிகிறது, முடியவில்லை. மூலப்பொருள் பட்டியல் இல்லாத எண்ணெயைத் தொடாதீர்கள். பட்டியலில் முதலில் இருப்பதுதான் அதிகம் சேர்த்தது, அங்கே சூரியகாந்தி எண்ணெய் இருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள். முகத்தில் போடும் முன் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். குழித் தழும்பை எந்த எண்ணெயும் நிரப்பாது, நிரப்பும் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அரட்டையையும் ரசீதையும் உடனே படமெடுத்து வையுங்கள், நான் எடுப்பதற்குள் அவர்கள் பாதியை அழித்துவிட்டார்கள். நாளைக்குத் தோல் மருத்துவரிடம் போகிறேன்.