நீல மாஸ்க்கா, துணி மாஸ்க்கா?

2020இல், கொரோனா நேரம், ஒருமுறை போட்டு வீசும் நீல மாஸ்க் ஐம்பது அடங்கிய பெட்டி எங்கள் வீட்டில் பத்து நாளைக்குத்தான் தாக்குப்பிடித்தது. ஐந்து பேரல்லவா! ஒரு நாள் அடைமழைக்குப் பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் அடைத்துக்கொண்டது. கம்பியால் கிளறினால் இலை, ஷொப்பிங் பேக், காதுப்பட்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட நாலைந்து நீல மாஸ்க். எங்களுடையதாகவும் இருந்திருக்கலாம். அந்த வாரமே துணிக்கு மாறினோம். ஆக, நான் ஏற்கெனவே துணியின் கட்சி.

பாதுகாப்பில் நீலம்தான் முன்னுக்கு. அதன் நடு அடுக்கிலுள்ள நுண்ணிழை செய்யும் வேலையைப் பருத்தி செய்யாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் இப்போதும் அதையே போடுகிறோம். விலையில் துணிதான் லாபம்.

கழற்றிய பிறகுதான் விஷயமே. நீல மாஸ்க் தொட்டால் துணி மாதிரி இருக்கும். ஆனால் அது பொலிப்புரோப்பிலீன், பிளாஸ்டிக். தண்ணீரில் மிதக்கும். கானிலிருந்து வாய்க்கால், அங்கிருந்து கடல். வெயில் பட்டால் இழை இழையாக உதிரும், உக்காது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதை நாடே பார்த்தது. இந்த இழைகள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தேன்: மூன்று அடுக்கு, மூக்குக் கம்பி, இழுபடும் பட்டி. இவற்றை யார் உட்கார்ந்து பிரித்து மீள்சுழற்சிக்குக் கொடுப்பது?

துணியின் தொல்லை முழுக்கக் கழுவிக் காயவைப்பதில்தான். ஆளுக்கு இரண்டு போதுமென்று நினைத்தோம். ஒக்டோபர் மழையில் பல்கனிக் கொடியில் இரண்டு நாளாகியும் காயவில்லை, பூஞ்சண மணம் வேறு. இப்போது ஆளுக்கு நாலு. வந்தவுடன் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரவு ஃபேனுக்குக் கீழே விரித்து, காலையில் அயன் பண்ணுவோம். இலாஸ்டிக் சில மாதத்தில் தொளதொளத்துவிட்டது. தையற்காரரிடம் கொடுத்து நாடா வைத்த பிறகு கவலை இல்லை. சீக்கிரம் காயுமே என்று பொலியெஸ்டர் வாங்காதீர்கள். கழுவும் தண்ணீரோடு போவதும் பிளாஸ்டிக் இழைதான்.

முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் கேஎன்95 மாஸ்க்கை ஒரு வாரம்தான் போட்டேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் ஆவி படியவில்லை. 100ஆம் இலக்க பஸ் நெரிசலில் மூச்சு முட்டியது. அதுவும் பிளாஸ்டிக்தான்.